மூடிய உருவும் மூடாத வழக்கும்: வெலிமடைப் பிரதேசத்திற் பல்கோணியின் கோணங்களும் காணி உரிமையும்

கணித வரலாறு பெரும்பாலும் தேற்றங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு தேற்றத்தை முதலிற் கண்டவர் யார், நிறுவியவர் யார், அதனைத் திருத்தமுறச் சொன்னவர் யார் என்பன அதில் விரிவாக ஆராயப்படுகின்றன. அத்தேற்றம் எச்சமுதாயத்தில், எவர் கையில், எப்பணிக்குக் கருவியாயிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பல்கோணி ஒன்றின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை, புறக்கோணங்களின் கூட்டுத்தொகை ஆகியவற்றைக் கூறும் எளிய தேற்றத்தை எடுத்துக்கொண்டு, ஊவா மாகாணத்தின் வெலிமடைப் பகுதியையும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களையும் களமாகக் கொண்டு, மேற்கூறிய வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடசாலை மாணவன் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் இத்தேற்றம், மலையகத்தின் காணிகள் அளக்கப்பட்டு விற்பனைப் பண்டமாக மாறிய காலத்தில் நில அளவையாளனின் அன்றாடச் சோதனைக் கருவியாக இருந்தது. அச்சோதனை எதனை உறுதி செய்தது, எதனை உறுதி செய்யவில்லை என்பதை வேறுபடுத்திக் காண்பது இன்றும் அவசியமாகின்றது.

1. தேற்றம்

யூக்கிளிட்டின் முதலாம் நூலின் 32ஆம் எடுப்பு, முக்கோணியொன்றின் ஒரு பக்கத்தை நீட்ட உண்டாகும் புறக்கோணம் அகத்தெதிர்க் கோணங்கள் இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமென்றும், முக்கோணியின் மூன்று அகக்கோணங்களும் சேர்ந்து இரு செங்கோணங்களாகும் என்றும் நிறுவுகின்றது. பல்கோணிகள் பற்றிய விதியை யூக்கிளிட் அவ்விடத்தில் எடுத்துரைக்கவில்லை. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் முதலாம் நூலுக்கு உரை வகுத்த புரொக்கிளசு அதனை விளக்கினார். 1756இல் யூக்கிளிட்டைப் பதிப்பித்த கிளாஸ்கோப் பேராசிரியர் றொபேட் சிம்சன் அவ்விதியை 32ஆம் எடுப்பின் கிளைத்தேற்றங்களாகச் சேர்த்தார். பிரித்தானியப் பேரரசின் பள்ளிகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் நெடுங்காலம் வழங்கிய யூக்கிளிட் பெரும்பாலும் சிம்சனின் வழிவந்த யூக்கிளிட்டே ஆகும்.

நிறுவல் எளிது. n பக்கங்கள் கொண்ட பல்கோணியின் உள்ளே ஒரு புள்ளியைக் குறித்து, அதிலிருந்து ஒவ்வோர் உச்சிக்கும் கோடு வரைந்தால் n முக்கோணிகள் பெறப்படும். அவற்றின் கோணங்கள் யாவும் சேர்ந்து 2n செங்கோணங்களாகும். உட்புள்ளியைச் சுற்றியுள்ள நான்கு செங்கோணங்கள் பல்கோணிக்கு உரியனவல்ல. அவற்றைக் கழிக்க, அகக்கோணங்களின் கூட்டுத்தொகை (2n − 4) செங்கோணங்கள், அதாவது (n − 2) × 180 பாகை எனப் பெறப்படும். நாற்கோணிக்கு 360 பாகை, ஐங்கோணிக்கு 540, அறுகோணிக்கு 720 என அது பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்து செல்லும்.

புறக்கோணங்களின் கூட்டுத்தொகையோ வளர்வதில்லை. ஒவ்வோர் உச்சியிலும் அகக்கோணமும் புறக்கோணமும் ஒரே நேர்கோட்டின் மீது அமைந்து இரு செங்கோணங்களாவதால், மொத்தமாகிய 2n செங்கோணங்களிலிருந்து (2n − 4) செங்கோணங்களைக் கழிக்க, எஞ்சுவது எப்போதும் நான்கு செங்கோணங்களே. முக்கோணியாயினும் நூறு பக்கங்கொண்ட உருவாயினும் விடை 360 பாகையாகும். ஒரு காணியின் எல்லை வழியே நடந்து புறப்பட்ட இடத்துக்கே மீள்பவர், புறப்பட்ட திசையை மீண்டும் நோக்கி நிற்கும்போது முழுச் சுற்றொன்று திரும்பியிருப்பார் என்பதே இதன் பொருள்.

இந்நிறுவலில் ஒரு நிபந்தனை உண்டு. உட்புள்ளியிலிருந்து எல்லா உச்சிகளுக்கும் உருவின் உள்ளேயே கோடு வரைய இயலவேண்டும். குவிவுப் பல்கோணியில் இது எப்போதும் இயலும். மலைநாட்டுக் காணியோ பெரும்பாலும் குவிவுப் பல்கோணியன்று. ஓடை வளைந்து உட்புகும் இடத்திலும் மலைமுகடு உள்வாங்கும் இடத்திலும் அகக்கோணம் இரு செங்கோணங்களை விஞ்சும். அப்போதும் உருவினை (n − 2) முக்கோணிகளாகப் பிரிக்க முடியுமாதலால் அகக்கோணங்கள் பற்றிய விதி மாறுவதில்லை. புறக்கோணத்தைப் பொறுத்தவரை, அங்கு நடப்பவர் எதிர்ப்பக்கம் திரும்புவதால் அக்கோணத்தை எதிர்க்குறியுடன் கொள்ளவேண்டும். அவ்வாறு கொண்டால் கூட்டுத்தொகை 360 பாகையாகவே நிற்கும்.

2. நில அளவையிற் கோணங்களின் பணி

இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஆகத்து 2ஆந் திகதி தோற்றுவிக்கப்பட்டது. தோட்டக்காணிகளை அளந்தோர் கையாண்ட முறை எல்லையைச் சுற்றி அளத்தலாகும். எல்லையின் திருப்பங்களில் முளைகள் அறையப்படும். அடுத்தடுத்த முளைகளுக்கிடைத் தூரம் சங்கிலியால் அளக்கப்படும். ஒவ்வொரு முளையிலும் தியோடலைற்றுக் கருவியை நிறுத்திக் கோணம் அளக்கப்படும். இறுதியில் முதல் முளைக்கே மீளல் வேண்டும். ஓடையின் நெளிவுகள் அளவைக் கோட்டிலிருந்து செங்குத்தாக எடுக்கப்படும் சிறு அளவுகளாற் குறிக்கப்படும்.

கண்டர் என்பார் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த 66 அடிச் சங்கிலியே அளவைக்கு அடிப்படையாயிற்று. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஓர் ஏக்கர் நான்கு றூட். ஒரு றூட் நாற்பது பேர்ச். இன்றும் நமது உறுதிகளில் வழங்கும் இவ்வலகுகள் அச்சங்கிலியோடு இந்நாட்டு வழக்கில் வேரூன்றியவையாகும்.

சுற்றி அளந்து முடிந்ததும் அளவையாளன் முதலிற் செய்வது அகக்கோணங்களைக் கூட்டுதலாகும். உதாரணமாக, ஐந்து முளைகளில் 112 பாகை 14 கலை, 97 பாகை 38 கலை, 131 பாகை 5 கலை, 88 பாகை 52 கலை, 110 பாகை 9 கலை எனக் கோணங்கள் பெறப்பட்டனவாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 539 பாகை 58 கலை. தேற்றம் வேண்டுவது 540 பாகை. வழு 2 கலை. கருவி வாசிக்கக்கூடிய மிகச் சிறிய அளவை முளைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தாற் பெருக்கி வருவதே அனுமதிக்கத்தக்க வழு என்பது வழக்கமான விதி. ஒரு கலை வரை வாசிக்கும் கருவியாயின் ஐந்து முளைகளுக்கு ஏறத்தாழ 2.2 கலை வரை ஏற்கப்படும். எனவே இவ்வளவை ஏற்கத்தக்கது. 24 விகலை வீதம் ஒவ்வொரு கோணத்துக்கும் கூட்டப்பட்டு உரு மூடப்படும். வழு 10 கலையாக இருந்திருப்பின் குழுவினர் மீண்டும் மலையேற வேண்டியதே.

வலஞ்சுழியாகச் சென்று வெளிப்பக்கக் கோணங்களை அளப்பதும் உண்டு. அளவையாளன் கூறும் வெளிப்பக்கக் கோணம் பாடநூலின் புறக்கோணத்தின் வேறானது. அது அகக்கோணத்தோடு சேர்ந்து நான்கு செங்கோணங்களாவது; அதன் கூட்டுத்தொகை (2n + 4) செங்கோணங்களாகும். பாடநூலின் புறக்கோணமோ அளவையாளனுக்குத் திருப்பக்கோணமாகின்றது.

மலைநாட்டில் இச்சோதனை செல்லுபடியாவதற்குத் தியோடலைற்றின் அமைப்பே காரணம். அக்கருவி மட்டப்படுத்தப்பட்டபின் கிடைத்தளத்தில் விழும் கோணத்தையே அளக்கின்றது. முளைகள் ஒன்று பள்ளத்திலும் மற்றொன்று முகட்டிலும் இருப்பினும் அளக்கப்பட்ட கோணங்கள் ஒரே தளத்துப் பல்கோணியின் கோணங்களாகின்றன. நிலத்தின் சாய்வு வழியே கோணங்களை அளந்திருந்தால் கூட்டுத்தொகை தேற்றத்தோடு பொருந்தாது.

நாடளாவிய முக்கோணிவலையிலோ வேறொரு நுட்பம் தோன்றுகின்றது. நீர்கொழும்பை அண்டிய கந்தவளையை ஆதாரமாகக் கொண்டு, மலையுச்சிகளை உச்சிகளாகக் கொண்ட அப்பெருமுக்கோணிகளிற் பூமியின் வளைவு காரணமாகக் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையை விஞ்சும். ஏறத்தாழ 75 சதுர மைலுக்கு ஒரு விகலை என்பது அம்மிகை. வெலிமடையின் தோட்டமொன்றுக்கு அது புறக்கணிக்கத்தக்கதே.

3. கோணமறியா அளவைகள்

இம்முறை வருமுன் இப்பகுதியில் நிலம் அளக்கப்படாதிருந்ததென எண்ணுதல் தவறு. கண்டி இராச்சியத்தில் வயல் அமுணம், பேளை, லாஹ என்னும் அளவுகளாற் குறிக்கப்பட்டது. இவை விதை நெல்லின் அளவுகள். அவ்வளவு விதையை விதைப்பதற்கு வேண்டிய நிலமே ஓர் அமுண வயலாகும். நிலங்களும் அவற்றுக்குரிய இராசகாரியக் கடமைகளும் லேகம் மிட்டி எனப்படும் ஏடுகளிற் பதியப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்து இலாச்சமும் இவ்வாறே விதைப்போடு தொடர்புற்ற அளவாகும். தமிழகத்திற் சோழர் காலத்து நில அளவையும், காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறும் நிலக்கணக்கும் கோலால் அளந்த நீளங்களைக் கொண்டே பரப்பைக் கண்டன. பாகைக் கணக்கிற் கோணம் அளப்பது அங்கு வேண்டப்படவில்லை.

விதைப்பளவு துல்லியத்தில் குறைந்ததெனக் கூறலாம். ஆயின் அது நிலத்தின் வளத்தையும் அதன்மீது செலவிடப்படும் உழைப்பையும் உள்ளடக்கியது. நிலத்தின் வளத்திற்கேற்ப ஓர் அமுணம் குறித்த பரப்பு வேறுபட்டது. சங்கிலியும் தியோடலைற்றும் தந்த ஏக்கரோ விதைப்பவனையும் விளைவையும் அறியாத தூய பரப்பு. இவ்விரு அளவைகளுக்கும் பின்னால் இருவேறு உற்பத்தி உறவுகள் நின்றன. முன்னையது கடமைக்கும் குடிமைக்கும் உட்பட்ட நிலத்தின் அளவு. பின்னையது சந்தையில் விலைபேசப்படும் நிலத்தின் அளவு.

4. சட்டமும் பல்கோணியும்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகியவற்றை, மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியனவெனக் கொள்ள வகை செய்தது. கண்டிப் பிரதேசங்களிற் சேனை நிலங்களுக்கும் உரிமை கோருவோர் சன்னசு முதலிய சான்றுகளைக் காட்ட வேண்டியதாயிற்று. அக்காலத்தில் முடிக்காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல் ஆரம்ப விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் இப்போக்கினை மேலும் இறுக்கியது.

ஊவாவைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் விளைவை 1817-18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். அக்கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலப் படைகள் ஊவாவில் ஊர்களை எரித்து, விளைவையும் கால்நடைகளையும் அழித்தன. மக்கள் தொகை குன்றியது. வயல்கள் பல கைவிடப்பட்டன. அழிவினால் தரிசாகிய நிலத்தையும் இயல்பாகத் தரிசாயிருந்த நிலத்தையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. சேனையோ, பல ஆண்டுகள் தரிசாக விடப்பட்டு மீண்டும் பயிரிடப்படுவதனாலேயே சேனையாகின்றது. தரிசு என்னும் ஒரு சொல்லில் இத்தனையும் அடங்கின. வெலிமடைப் பகுதியிற் பள்ளத்தாக்கின் வயலும் அதற்கு மேலேயுள்ள சேனையும் பத்தனைப் புல்வெளியும் ஓர் ஊரின் ஒரே வாழ்க்கையைச் சேர்ந்தவை. வயலை ஊரில் விட்டு, மேட்டுநிலத்தை ஊரிலிருந்து பிரித்த எல்லைக்கோடு அவ்வாழ்க்கையை இரண்டாக்கியது.

இங்குதான் பல்கோணி சட்டத்துக்குத் துணையாக வருகின்றது. ஏலத்தில் விற்பதற்கு நிலம் எல்லையுடையதாகவும் பரப்புக் கூறத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். சேனைக்கு அவ்வாறான நிலையான எல்லை இல்லை. அளவையாளன் முளையறைந்து, கோணங் கூட்டி, வழுவைப் பகிர்ந்து, உருவை மூடித் தந்த பின்னரே அது விற்கத்தக்க துண்டாயிற்று. முதலிற் கோப்பியும், 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலையும் அத்துண்டுகளிற் பரவின. புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தடைந்தது.

5. சோதனை சொல்லாதவை

அகக்கோணங்களின் கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் வரைபடம் சரியென்னும் நம்பிக்கை எளிதில் உண்டாகின்றது. அந்நம்பிக்கையின் எல்லைகளைக் கணிதமே காட்டுகின்றது.

முதலாவதாக, கோணங்கள் உருவின் வடிவத்தைக் காக்கின்றனவேயன்றி அளவைக் காப்பதில்லை. நெடுநாட் பாவனையால் சங்கிலி நூற்றுக்கு ஒன்று நீண்டிருப்பதாகக் கொள்வோம். எல்லாப் பக்கங்களும் ஒரே விகிதத்திற் குறைவாகப் பதியப்படும், கோணங்கள் மாறா, இயல்பொத்த உருவமொன்று வரைபடத்தில் அமையும், கூட்டுத்தொகை 540 பாகையாகவே நிற்கும். வரைபடம் 100 ஏக்கர் எனக் கூறும் நிலத்தின் உண்மைப் பரப்பு 102 ஏக்கராகும். பல்கோணி குறைவின்றி மூடியிருந்தும் இரண்டு ஏக்கர் கணக்கில் வாராது போயிற்று.

இரண்டாவதாக, வரைபடத்தின் பரப்பு கிடைத்தளப் பரப்பு. 30 பாகைச் சாய்வுடைய மலைச்சரிவில் வரைபடத்தின் 100 ஏக்கர் நிலத்தின் மேற்பரப்பில் 115 ஏக்கருக்கு மேலாகும். புல் வெட்டுவோரும் கவ்வாத்து வெட்டுவோரும் கொழுந்தெடுக்கும் பெண்களும் கால் பதித்து நடப்பது வரைபடத்தின் ஏக்கரிலன்று, இம்மேற்பரப்பிலேயே ஆகும். கொள்வனவும் குத்தகையும் கிடைத்தளத்திற் கணிக்கப்பட, உழைப்பு சரிவிற் செலவாயிற்று.

மூன்றாவதே இக்கட்டுரைக்கு முதன்மையானது. கோணங்களின் கூட்டுத்தொகை அந்நிலம் யாருடையது என்பதைச் சொல்வதில்லை. முளைகள் உரிய இடத்தில் அறையப்பட்டனவா, பிறர் உரிமைக்குள் அறையப்பட்டனவா என்பதை (2n − 4) செங்கோணங்கள் அறியா. சோதனை அளவைகளுக்கிடையேயான ஒத்திசைவை மட்டுமே காட்டுகின்றது. எனினும் நிர்வாகத்தின் கண்ணிலும் நீதிமன்றத்தின் கண்ணிலும் வரைபடத்தின் துல்லியம் உரிமையின் துல்லியமாகத் தோற்றமளித்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பாகையும் கலையும் பொறிக்கப்பட்ட வரைபடத்துக்கு எதிரே, மரத்தையும் கல்லையும் ஓடையையும் எல்லையாகச் சொன்ன கிராமத்தவனின் வாய்மொழி வலுவிழந்தது.

6. கோட்டின் இருபுறமும்

ஓர் உச்சியின் அகக்கோணமும் புறக்கோணமும் ஒரே கோட்டினால் நிர்ணயிக்கப்படுவன என முன்னர்க் கண்டோம். தோட்ட எல்லையின் உள்ளும் புறமும் வாழ்ந்த இரு மக்கட் கூட்டத்தாரின் நிலையும் அவ்வாறே ஒரே கோட்டினால் நிர்ணயிக்கப்பட்டது. புறத்தே சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்த சிங்களக் கிராமத்தவர். அகத்தே தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழி கொணரப்பட்டு, முற்பணக் கடனாலும் துண்டு முறையாலும் பிணிக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது; காணியற்ற நிலை ஒழிக்கப்படவில்லை. ஒருவர் இழந்ததை மற்றவர் பெற்றாரில்லை. இருவருக்கும் இடையே நின்ற கோட்டின் பயன் கம்பனிகளுக்கே உரியதாயிற்று. 1951இல் அறிக்கை வெளியிட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு மத்திய, ஊவா மாகாணக் கிராமங்களின் காணிப் பற்றாக்குறையைப் பதிவு செய்தது. தோட்டத் தொழிலாளரோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் பெரும்பான்மையும் நாடற்றவராயினர். அரசாங்கக் காணிப் பங்கீட்டில் உரிமை கோரும் நிலையும் அவர்களுக்கு இல்லாதாயிற்று.

இத்தேற்றத்தைக் கற்கும் வாய்ப்பும் அக்கோட்டின்படியே பங்கிடப்பட்டது. வட்டுக்கோட்டைச் செமினரியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தமிழ் மாணவர் யூக்கிளிட்டைப் பயின்றனர். அம்மரபில் வந்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். தோட்டப் பிள்ளைக்கோ 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான கல்வியையே வகுத்தது. 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்தின் பயன்களும் 1960-61ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பாடசாலைத் தேசியமயமும் தோட்டப் பாடசாலைகளைப் பெரிதும் எட்டவில்லை. தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்தே அப்பாடசாலைகள் அரசாங்கப் பொறுப்பிற் சேரத் தொடங்கின. தான் பிறந்த லயம் எப்பல்கோணியினுள் அடங்கியது என்பதைக் கணித்தறியும் கல்வி, பல தலைமுறைகளாக அப்பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக்கு அப்பாலேயே நின்றது. வெலிமடைக்கு அண்மையிலுள்ள தியத்தலாவையில் 1967இல் நில அளவைப் பயிற்சி நிறுவனம் அமைந்தது. தோட்டங்கள் சூழ்ந்த அந்நிலத்தில் நில அளவை கற்பிக்கப்பட்டபோது, அத்தோட்டங்களின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அதன் வாயிலை எட்டும் கல்வியைப் பெற்றிருக்கவில்லை.

7. மீண்டும் அளக்கப்பட்ட நிலம்

1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. நிலம் மீண்டும் துண்டாடப்பட்டுப் பங்கிடப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் பங்காளராகக் கருதப்படவில்லை. சிற்சில இடங்களில் லயங்களிலிருந்தே அகற்றப்பட்டனர். ஊவாவை அடுத்த நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக்காணியைப் பங்கிடும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில், 1977ஆம் ஆண்டு மே மாதம் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கிராமத்தவனின் காணிப்பசியும் தொழிலாளியின் இருப்பும் ஒன்றுக்கொன்று பகையாக்கப்பட்டமை, முதற் கோட்டினை வரைந்தவர்கள் விட்டுச்சென்ற வழக்கின் தொடர்ச்சியே எனலாம்.

1992இல் தோட்ட முகாமை மீண்டும் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்க வழிசெய்தது. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னரான வீடமைப்புத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணி என்பது கொள்கையாயிற்று. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் 1,905.75 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவின் 120 சதுர அடியோடு ஒப்பிட அது ஏறத்தாழப் பதினாறு மடங்கு. 160 பேர்ச் கொண்ட ஓர் ஏக்கரோடு ஒப்பிடவோ இருபத்து மூன்றில் ஒரு பங்கினும் சற்றே கூடியது. ஒன்றரை நூற்றாண்டு உழைப்புக்கு ஈடாக இது போதுமா என்பது வேறு வினா. இத்துண்டுக்கும் நான்கு முளைகள் உண்டு, வரைபடம் உண்டு, 360 பாகை உண்டு. அதற்குரிய உறுதி குடும்பத்தின் பெயரிற் பதியப்பட்டுக் கையளிக்கப்படும் வரை, அவ்வரைபடம் முன்னைய வரைபடங்களைப் போலவே வடிவத்தை மட்டும் மெய்ப்பிப்பதாக இருக்கும்.

முடிவாக, இத்தேற்றத்தின்மீது பழி சுமத்துதல் இக்கட்டுரையின் கருத்தன்று. புரொக்கிளசு விளக்கியதும் சிம்சன் பதித்ததும் எக்காலத்தும் மெய்யே. அது விடை கூறும் வினா எது, கூறாத வினா எது என்ற தெளிவே வேண்டப்படுவது. வெலிமடைப் பாடசாலைகளிற் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் இத்தேற்றத்தைக் கரும்பலகையின் ஒழுங்கான ஐங்கோணியோடு நிறுத்தாது, பாடசாலைக் காணியின் எல்லைக்கு மாணவரை அழைத்துச் சென்று முளையறைந்து அளக்கச் செய்வாராயின், அவர்கள் அகக்கோணங்களைக் கூட்டிச் சரிபார்ப்பதோடு, தம் பெற்றோருக்கு வழங்கப்படும் வரைபடத்தை வாசிக்கவும், அதிற் குறித்த பரப்பைத் தாமே கணிக்கவும், உறுதி எங்கே எனக் கேட்கவும் கற்பர். சங்கிலியைச் சுமந்தும் முளையை அறைந்தும் அந்நிலத்தோடு பழகிய உழைப்பாளரின் வழித்தோன்றல்கள் அளவையின் கணக்கையும் தமதாக்கிக் கொள்ளும்போதே, அக்கணக்கு ஒரு சாராரின் கருவி என்ற நிலையினின்று நீங்கி யாவர்க்கும் பொதுவான அறிவாகும்.